மாட்டுக்கு முன்னால் சொல்லாத செய்தி

காலை ஏழு மணிக்கு, நாலு பேர் நடமாடும் தெருவில், ஒரு பால்காரி என் வாயைக் கையால் பொத்தினாள்.

மெதுவாகப் பொத்தினாள் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குத்தித் திருகு உள்ளே குத்தி எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் கையில் பால் வாசனையும் புண்ணாக்கு வாசனையும் சேர்ந்து அடித்தன. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அரசாங்க வேலை, தோளில் பை, பைக்குள் ரெஜிஸ்டர். இவளுக்கு என்ன திமிர் என்று கையைத் தட்டிவிட்டேன்.

நான் கேட்க வந்தது ஒரே கேள்விதான். "இந்தக் கன்னு எப்ப செத்துது?" அதில் பாதிகூட வெளியே வரவில்லை.

அவள் என் காதோரம் குனிந்தாள். "மாட்டு முன்னாடி அந்தப் பேச்சு வேணாம் டாக்டரம்மா. மொன தாண்டி வாங்க, எல்லாத்தையும் சொல்றேன்."

பக்கத்தில் அவளுடைய செவலைப் பசு நின்றுகொண்டிருந்தது. அது எங்களைப் பார்க்கவே இல்லை. தன் எதிரே நிறுத்தியிருந்த கன்றின் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. கன்றின் நாலு காலிலும் மூங்கில் குச்சி. வயிற்றுத் தையலில் வைக்கோல் எட்டிப் பார்த்தது.

அந்தத் தெருமுனைக்குப் போவதற்கு முன் நாம் மூன்று மாதம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் சொன்னால் இப்படித்தான் சொல்வேன்.

நான் டாக்டரம்மா இல்லை

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய வெறிநாய்க் கதையைப் படித்துவிட்டு லாஸ்பேட்டை வாசகர் ஒருவர், நான் எந்தக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தேன் என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, நான் எங்கும் படிக்கவில்லை. புதுச்சேரி கால்நடை ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன கிருமி என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆனால் சைக்கிளில் வந்து இறங்கிய பெண்ணை ஊரே டாக்டரம்மா என்றது. முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். இரண்டாவது வருடம் தொண்டைதான் வலித்தது.

உண்மையான டாக்டர் பெருமாள். கால்நடை டாக்டர்களில் அப்படி ஒரு கோபக்காரரை நான் பார்த்ததில்லை. மாட்டைத் தொடும்போது மட்டும் குரல் பஞ்சாகிவிடும். மாட்டுக்காரனிடம் திரும்பினால் மறுபடி இடி இடிக்கும். எனக்கும் வாய் நீளம் என்பதால் எங்கள் லேப்பில் சத்தத்துக்குக் குறைவில்லை. பக்கத்து அறையில் இருந்த கிளார்க், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டால் காது குளிர்கிறது என்பார்.

அந்த வருடம் மழை விட்டும் விடாததுமாக இருந்த நாளில், ரெட்டியார்பாளையத்தில் ஒரு பசு செத்துக் கிடப்பதாக ஆள் வந்தது. முந்தின நாள் மாலை நன்றாக மேய்ந்த மாடு. போய்ப் பார்த்தால் வயிறு உப்பி, மூக்கிலிருந்து கருத்த ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ரத்தம் உறையவே இல்லை. பெருமாள் டாக்டர், யாரும் கத்தியைத் தொடக் கூடாது என்று எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

லேப்புக்கு வந்து பார்த்தேன். மூங்கில் கழியைக் கணுக்கணுவாக நறுக்கி வரிசையாக வைத்த மாதிரி கிருமிகள். அடைப்பான், இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ்.

இந்த நோயைப் பற்றி இரண்டு வரி சொன்னால் போதும். மாட்டை ஒரே நாளில் சாய்க்கும். செத்த மாட்டின் தோலிலும் மயிரிலும் மண்ணிலும் அதன் விதை வருடக்கணக்காகத் தூங்கும். வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. மனிதன் கையில் ஒரு சிராய்ப்பு இருந்து, அதில் அந்த விதை பட்டால், அங்கே கொசுக்கடி மாதிரி ஒன்று கிளம்பும். அது கொப்பளமாகி, நடுவில் கரிக்கட்டை மாதிரி கறுத்துவிடும். வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து, யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். பலருக்குத் தானாக ஆறியும் விடும். சிலருக்கு ரத்தத்தில் ஏறிவிடும், ஏறிவிட்டால் ஆள் மிஞ்சுவது கஷ்டம். ஆனால் பென்சிலின் ஊசியை நேரத்தில் போட்டுவிட்டால் பயமே இல்லை.

அடுத்த பத்து நாளும் நாங்கள் தூங்கியதாக ஞாபகம் இல்லை. அடுத்தடுத்துச் செத்த மாடுகளை ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். ரெட்டியார்பாளையத்திலும் சுற்றிலும் கண்ணில் பட்ட மாட்டுக்கெல்லாம் தடுப்பூசி போட்டோம். இரண்டு மாடு உதைத்தது. ஒன்று என்னை, ஒன்று பெருமாள் டாக்டரை. அதன் பிறகு ஒரு மாடும் சாகவில்லை. டாக்டர் தன் செலவில் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி

தை மாதம் பிறந்ததும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு லேடி டாக்டர் போன் செய்தார். சின்ன வயசு, சாந்தமான குரல். அவரிடம் மூன்று பேர் வந்திருக்கிறார்களாம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பெட்டிக்கடைக்காரர், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி புண், நடுவில் கறுத்து, வலியே இல்லாமல். அவர் அனுப்பிய கண்ணாடியில் நான் பார்த்தது அதே மூங்கில் கணுக்களைத்தான்.

மாடு செத்தது ரெட்டியார்பாளையத்தில், இவர்கள் மூன்று பேரும் டவுனில், பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருக்களில். மூன்று பேரில் ஒருவர்கூட மாடு வளர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாடுகள் சாவது நின்று வாரக்கணக்கில் ஆகிவிட்டது. மாட்டை விட்டுப் போன நோய் மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது?

லேப் சுவரில் ஊர் மேப் ஒன்றை ஒட்டினேன். செத்த மாட்டுக்குச் சிவப்புப் புள்ளி, புண் வந்த ஆளுக்கு நீலப் புள்ளி. சிவப்பு மேற்கே, நீலம் கிழக்கே. நடுவில் வில்லியனூர் போகிற ரோடும் ரயில்வே கேட்டும்தான் இருந்தன. பாலாக இருக்குமோ என்று முதலில் யோசித்தோம். குழந்தை வீட்டில் வாசலில் கறக்கும் பால். வாத்தியார் வீட்டில் பூத் பால். பெட்டிக்கடைக்காரர் பாலையே தொடாதவர், வெறும் கடுங்காப்பிதான். கறிக்கடை, தோல் குடோன், தோட்டத்துக்குப் போடும் எலும்புத்தூள், சவரம் செய்யும் பிரஷ் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் மூன்று பேருக்கும் பொதுவாக இல்லை.

லேடி டாக்டர் தினமும் போன் செய்வார். குரலில் சாந்தம் நாளுக்கு நாள் குறைந்தது. "வந்த மூணு பேரையும் காப்பாத்திடலாம். வராதவங்களை நான் எப்படிக் காப்பாத்துறது?" என்று ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒருவர், இது வெறும் கொப்பளம் என்று மஞ்சளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது.

ரெஜிஸ்டரில் எழுதியது

குழந்தை வீட்டுக்குப் பால் கறப்பவள் ரெட்டியார்பாளையத்து அஞ்சலை என்று தெரிந்ததும் அன்றைக்கே அவள் கொட்டகைக்குப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் மில்லில் வேலை. ஒரே ஒரு மாடுதான், ஆனால் கொட்டகை அவ்வளவு சுத்தம். செவலை மூக்கணாங்கயிறு மின்ன நின்றது. தடுப்பூசி போட்ட மாடுதான், நானே ரெஜிஸ்டரில் எழுதியிருந்தேன்.

மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டேன், கன்று எப்படி இருக்கிறது என்று. அஞ்சலை மாட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"கன்னு நல்லாருக்குது டாக்டரம்மா. அதுக்கு இன்னா, ராஜாவாட்டம் கீது. அந்தாண்ட கட்டியிருக்கேன்."

நானும் பசு ஒன்று, கன்று ஒன்று, நலம் என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தாண்ட போய்ப் பார்த்தேனா? இல்லை. எல்லாக் கொட்டகையிலும் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் எழுதினேன். பெருமாள் டாக்டரும் அப்படித்தான் கேட்டார். என் புத்தியை இன்றைக்கும் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குழந்தையின் கன்னம்

இரண்டு நாள் கழித்து, புண் ஆறுகிறதா என்று பார்க்கக் காலையிலேயே அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனேன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அதனால் தெருவில் அதற்கு சொல்தா வீடு என்று பேர். குழந்தைக்குக் கன்னத்தில் கட்டு. ஊசி வேலை செய்து வீக்கம் வடிந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. குசினியிலிருந்து காப்பி வந்தது, வாங்கிக்கொண்டேன்.

வாசலில் மணி கேட்டது. அஞ்சலை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளிலிருந்து எதையோ இறக்கி மாட்டின் முன் நிறுத்தினாள். குழந்தை என் மடியிலிருந்து குதித்து ஓடியது. ஓடிப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கட்டுப் போடாத கன்னத்தை அதன் முகத்தில் வைத்து முத்தம் கொடுத்தது.

வைக்கோல் கன்று.

நான் பிறந்ததிலிருந்து பார்த்த பொருள் அது. கன்று செத்துவிட்டால் தாய் பால் சுரக்காது. அதனால் செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்துத் தைத்து, மாட்டின் எதிரில் வைப்பார்கள். மாடு நக்கும், மடி இறங்கும். எந்தத் தெருவில் இல்லை? தெருவிளக்கைப் பார்ப்பது போல அதையும் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். தோல் குடோனுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த நான், தோல் ஒன்று தினம் காலையில் தெருத்தெருவாக ஊர்வலம் வருவதை யோசிக்கவே இல்லை.

காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். குழந்தையைப் பிடித்து இழுத்தேன், அது வீரிட்டு அழுதது. அஞ்சலையிடம் திரும்பிக் கேட்டேன், அவள் என் வாயைப் பொத்தினாள். ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

முனை தாண்டி

தாத்தாவிடம், குழந்தைக்குக் கை முகமெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இந்தக் கன்றை ஒருவரும் தொடாமல் காவல் நில்லுங்கள் என்றேன். பட்டாளத்துக்காரர், ஏன் எதற்கு என்று கேட்காமல் கைத்தடியோடு வந்து நின்றார். அஞ்சலை என்னை முனை தாண்டி, மாட்டுக்குக் கேட்காத தூரத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு சுவரோரம் நின்று, அப்போதும் குரலை இறக்கித்தான் பேசினாள்.

கன்று ஐப்பசி மழையில் செத்ததாம். நாங்கள் பார்த்த அந்த முதல் பசு சாவதற்கு நாலு நாள் முன்னால். வயிறு உப்பிக் கிடந்தது, மழைத் தண்ணீர் குடித்து உப்பிவிட்டது என்று நினைத்தார்களாம். அவளும் புருஷனும் சேர்ந்து தோலை உரித்தார்கள். புருஷனுக்கு விரலில் ஒரு கொப்பளம் வந்து கறுத்து, தானாகவே உதிர்ந்துவிட்டது. அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கொட்டகையில் நான் அவ்வளவு கேட்டேனே, ஏன் பொய் சொன்னாய் என்று சீறினேன்.

"பொய்யா? நீங்க எங்க நின்னு கேட்டீங்க? மாட்டுக்கு முன்னாடி நின்னு கேட்டீங்க. அதுக்குக் காது இல்லியா? புள்ள செத்துட்டுதுன்னு அதுங்கிட்டயே சொல்லுவேனா? அப்புறம் அது எங்கேருந்து சொரக்கும்? வெளிய கூப்ட்டு கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

எத்தனை கொட்டகை! அத்தனையிலும் மாட்டின் பக்கத்தில் நின்றுதான் கேட்டிருந்தோம். மாடு வைத்திருக்கும் எந்தப் பெண்ணும் அங்கே வாயைத் திறக்க மாட்டாள். சொந்த ஊர் மாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தப்பு அவள் மேல் இல்லை. அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்து இந்தக் கன்றைத் தினமும் சுமந்து வருவது யார்? அக்கா, தோளைக் காட்டுங்கள் என்றேன். இறுக்கிப் போர்த்திய முந்தானையை அவள் விடவில்லை. ஒன்றுமில்லை, கயிறு உராய்ந்த காயம் என்றாள். நான் விடாமல் இழுத்தேன். இடது தோளில், ஜாக்கெட் கரைக்குக் கொஞ்சம் மேலே, எட்டணாக் காசு அகலத்துக்குக் கறுத்திருந்தது. சுற்றிலும் வீங்கி, வீக்கம் கழுத்துவரை ஏறியிருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது.

"புண்ணு வந்தவ கறந்தா யாரு டாக்டரம்மா வாங்குவாங்க?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் பல் தந்தியடித்தது.

ரிக்ஷா ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். மாட்டிடம் திரும்பி வந்து, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதன் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் ஏறினாள். மாட்டின் மேல் சத்தியம் செய்த ஒரே அரசாங்க ஊழியர் நானாகத்தான் இருப்பேன்.

பாத்திரங்களை வைத்து வீடுகள்

வைக்கோல் கன்றை ஈரச் சாக்கில் சுற்றி, கையுறை போட்டுத் தூக்கி வந்தோம். அதன் கழுத்து மயிரில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி, தட்டில் வளர விட்டேன். மறுநாள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. இனி சந்தேகமில்லை. ஆனால் அதற்காகவும் நாங்கள் காத்திருக்கவில்லை. மயிரை எடுத்த கையோடு, எங்கள் மாட்டு ஆஸ்பத்திரிக் காம்பவுண்டின் பின்னால் குழி வெட்டிக் கன்றை எரித்தோம். செவலையை அதற்கு நேர் எதிர் மூலையில் கட்டியிருந்தோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பெருமாள் டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். என்னிடம் பேசும்போது, மாடு கேட்டுவிடும் போல, ரகசியக் குரலில் பேசினார். நான் சிரித்தால் கோபப்படுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

வாத்தியாருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் எப்படி வந்தது என்பதும் விளங்கியது. அஞ்சலை டீ குடிக்கும் நேரத்தில் கன்றைச் சாய்த்து வைப்பது பெட்டிக்கடை ஓரத்தில். கடைக்காரர்தான் தினமும் அதை நகர்த்தி வைப்பார். வாத்தியார் வீட்டு வாசல்படி அவள் தோள் மாற்றுகிற இடம். ஒத்தைப் பொம்பளை சுமக்கிறாளே என்று அவர் ஒரு கை கொடுப்பார். நல்ல மனசுக்கு வந்த கேடு அது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான், இன்னும் யார் யார் தொட்டார்கள் என்பது. அஞ்சலை பதினாறு வீட்டுக்கு ஊற்றினாள். எந்த வீட்டுக்கும் நம்பர் தெரியாது, பேர் தெரியாது. அவளுக்கு வீடு என்றால் பாத்திரம். பெண்கள் வார்டில் படுத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒட்டுப் போட்ட பித்தளைச் சொம்பு வீடு. மூடியில்லாத தூக்கு வீடு, அங்கே மூன்று பசங்கள், மூன்றும் கன்றின் மேல் ஏறி உட்காரும். பேர் வெட்டிய எவர்சில்வர் வீடு, கஞ்சப் பிசினாரிகள்.

கடைசியில் கொஞ்சம் தயங்கினாள். "வெள்ளப் பீங்கான் கூஜா வீடு ஒண்ணு. வாய்க்காலுக்கு அந்தாண்ட, பச்ச ஜன்னலு. அந்தம்மா மூஞ்சிய நான் பாத்ததில்ல. ஜன்னலு கீழ்க் கதவு வழியா கை மட்டுந்தான் வரும். கூஜாவ வாங்கிக்கும். அப்புறம் கன்னுத் தலையத் தடவிக் குடுக்கும். ரொம்ப நேரம் தடவும், நான் நிப்பேன்."

லேடி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அஞ்சலைக்கு இன்றிரவு தாண்டினால் பயமில்லை என்றார். தாண்டினாள்.

பச்சை ஜன்னல்

மறுநாள் காலை, பால் நேரத்தில், பட்டியலோடு தெருவில் இறங்கினேன். பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். அஞ்சலை பேரைச் சொன்னதும் கதவு திறந்தது. மூடியில்லாத தூக்கு வீட்டில் நடுப் பையனுக்கு முழங்காலில் ஆரம்பித்திருந்தது. அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்ற வீடுகளில் எல்லாம் சுத்தமான கைகள். ஒவ்வொரு கையையும் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது எனக்கு என்னவோ கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி இருந்தது. கஞ்சப் பிசினாரி வீட்டில் எனக்கு இட்லி கொடுத்தார்கள் என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

பச்சை ஜன்னல் வீட்டுக் கதவைத் தட்டினால் பதில் இல்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். மதாம் செலின் என்று பேர். ஐம்பது வயது. புருஷன் செத்ததிலிருந்து வெளியே வருவதில்லை, கண்ணும் சரியாகத் தெரியாது, வேலைக்காரி மதியம்தான் வருவாள் என்றார்கள்.

ஜன்னல் கீழே போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பால் என்று மட்டும் சொன்னேன்.

கீழ்க் கதவு கொஞ்சம் திறந்தது. கூஜாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கை வந்தது. மெலிந்த கை, வெள்ளையாகச் சலவை செய்த சட்டைக்கையில் லேஸ். மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தது. நான் கூஜாவை வாங்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு சின்ன அலறல். விடவில்லை. கைக்குட்டையை அவிழ்த்தேன். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வீக்கம், முழங்கைவரை சிவப்பு.

பேசிக்கொண்டே இருந்தேன். நான் யார், அஞ்சலை எங்கே படுத்திருக்கிறாள், எத்தனை ஊசியில் சரியாகும், எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், அங்கே போன புருஷன் திரும்பி வரவில்லை என்றாள். அந்தக் கையை விடாமலே சொன்னேன், நான் கூடவே வருகிறேன், கூடவே இருக்கிறேன் என்று. அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். என் கால் மரத்துப்போனது. கடைசியில் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண்கள் வார்டு

இதற்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். புதிதாக யாருக்கும் புண் வரவில்லை. வந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். ரெட்டியார்பாளையத்தில் கொட்டகை கொட்டகையாக மறுபடி போனோம், இந்தத் தடவை ஆட்களைத் தெருவுக்குக் கூப்பிட்டுக் கேட்டோம். இன்னும் இரண்டு வைக்கோல் கன்று வெளியே வந்தது, இரண்டையும் எரித்தோம். செவலை நாலு நாள் சொட்டுப் பால் தரவில்லை. பெருமாள் டாக்டர் அதைச் சோதித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். அவர் சிரித்தும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாடு இரண்டு மாதச் சினை. இதை அஞ்சலையிடம் சொல்ல நான் சைக்கிளில் பறந்தேன்.

போனபோது மதாம் செலின் வார்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் இரண்டு நாளும் காய்ச்சலில் கண் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளை அஞ்சலைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். அஞ்சலை எழுந்து உட்கார்ந்து, யாரோ புது நோயாளி என்று நினைத்துத் தன் ஃபிளாஸ்கை நகர்த்தி இடம் விட்டாள். சினை விஷயத்தை அவள் காதில் சொன்னேன். அவள் ஆவணி, ஆவணி என்று விரலை மடக்கி மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை, தண்ணீர் டம்ளரைத் தேடி நீண்டது.

அஞ்சலை எண்ணுவதை நிறுத்தினாள். அந்தக் கையையே பார்த்தாள். மெதுவாக எழுந்து போய் டம்ளரை அதில் வைத்தாள்.

"கூஜா வீட்டம்மாவா?"

மதாம், குரல் வந்த பக்கம் திரும்பினாள். அந்தக் குரல் அவளுக்கும் தெரிந்தது. "பால்காரம்மா," என்றாள். தண்ணீரைக் குடிக்கவில்லை. "நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க கன்னுக்குட்டி எப்படி இருக்கு? அவ்வளவு சாது. எத்தினி நேரம் தடவினாலும் அசையாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் தெரியாதவளுக்கு அது உயிர்க் கன்று. அவளுக்கு உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. ஜன்னலுக்கு எதிரே எப்போதும் மாடு நின்றதே.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு அந்த நீளமான வார்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"அது செத்துட்டுதும்மா," என்றாள். "ஐப்பசியிலியே செத்துட்டுது. ரெண்டு மாசக் கன்னு. நெத்தியில வெள்ளச் சுட்டி இருந்துது."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மூன்று மாதமாக அழாததையெல்லாம் அழுதாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

மதாம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் துழாவி, அஞ்சலையின் தலையைத் தொட்டாள். கட்டுப் போட்ட அந்தக் கையால் ரொம்ப நேரம் தடவிக் கொடுத்தாள்.